பல்லியின் தொடையில் எத்தனை துளை?

போன ஆடி மாசம் உத்திரமேரூர் வீட்டில் கூடத்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டோம். அதுவரைக்கும் வெறும் கம்பிதான். கண்ணாடி வந்த இரண்டாவது நாள் ராத்திரி, விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைத் தேடி ஒரு பல்லி வெளிப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. நான் உள்ளே நாற்காலியில். பிறந்ததிலிருந்து பல்லிகளோடுதான் வாழ்கிறேன், ஆனால் ஒரு பல்லியை அடிவயிற்றுப் பக்கமிருந்து நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வயிறு வெளிறிப்போய், உள்ளே ஓடும் நிழல்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. இரண்டு பின்தொடைகளின் உட்பக்கத்திலும் வரிசையாக மஞ்சள் புள்ளிகள். ஊசியால் குத்திக் குத்தி ஒவ்வொரு ஓட்டையிலும் மெழுகை அடைத்தது போல. ஒரு தொடையில் ஆரம்பித்து, வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் வளைந்து, அடுத்த தொடையில் போய் முடிகிறது. உண்ணிதான் என்று நினைத்தேன். பல்லிகளுக்குச் சின்னதாகச் சிவப்பு உண்ணி வரும், படித்திருக்கிறேன். ஆனால் உண்ணி இப்படி ரூல் தடி வைத்த மாதிரி வரிசையில் உட்காராது. போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தார். "என்னடா, பல்லியைப் போய் போட்டோ எடுத்துக்கிட்டு?"

"இதோட தொடையில ஏதோ சொறி மாதிரி இருக்கு பாருங்க அத்தை."

"அது என்ன சொல்லுதுன்னு கேப்பாங்க. தொடையை யாராவது பாப்பாங்களா?"

அத்தை சும்மா சொன்னதுதான். அந்த வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. அதற்கப்புறம் நாலைந்து மாசம், ஆபீஸ் வேலை முடிந்த ராத்திரிகளில், அந்த மஞ்சள் புள்ளிகளின் பின்னாலேயே போனேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

முதலில் அத்தையின் கட்சி. பல்லி சொல்வதைக் கேட்பது நம் ஊரில் நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்கப் பாடல்களிலேயே பல்லி ஒலிப்பது நிமித்தமாக வருகிறது. பிரிந்து போன தலைவன் வருவானா என்று வீட்டில் காத்திருப்பவள் பல்லியின் குரலைக் கேட்கிறாள். சுமார் இரண்டாயிரம் வருஷமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் அது கௌளி சாஸ்திரம் என்று முறையாக வளர்ந்தது. எந்தத் திசையில் சொன்னால் என்ன, எந்தக் கிழமையில் சொன்னால் என்ன, உடம்பில் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் அட்டவணை போட்டு அச்சாகிறது. சென்னையில் சிஸ்டம் டிசைன் பேசுகிற என் சக ஊழியர்களில் இரண்டு பேராவது, தலையில் பல்லி விழுந்தால் அன்றைக்கு லீவு போடுவார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் அழுத்தம். உத்திரமேரூரிலிருந்து சுமார் 30 கி.மீ. போனால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே ஒரு மண்டபத்தின் மேற்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. படியேறித் தொட்டுவிட்டு வந்தால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும் என்பது நம்பிக்கை. ஸ்ருங்கிபேரர் என்ற முனிவரின் பிள்ளைகள் இருவர், கௌதமரிடம் சீடர்களாக இருந்தவர்கள், கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் சாபம் வாங்கிப் பல்லியானார்கள் என்பது தலக்கதை. சின்ன வயசில் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்துத் தொட வைத்தது ஞாபகம் இருக்கிறது. உலோகம் ஜில்லென்று இருந்தது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. அவ்வளவுதான் ஞாபகம்.

பல்லி குரல் கொடுப்பது உண்மைதான், அதற்கு அர்த்தம் இருப்பதும் உண்மை. நம் வீடுகளில் சத்தமாகச் 'சக் சக் சக்' என்று சொல்லும் பல்லிக்கு ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ் என்று பெயர். 1836-இல் பாரீஸில் துமெரிலும் பிப்ரோனும் வெளியிட்ட நூலில் வந்த பெயர். டேல் மார்செலினி என்ற அமெரிக்கர் 1974-இல் இந்தப் பல்லியின் ஒலிகளை வகை பிரித்து எழுதினார். அது எல்லையைக் காப்பதற்கும் இன்னொரு பல்லியோடு மோதும்போதும் எழுப்பும் குரல். பல்லி சொல்கிறதுதான், ஆனால் நமக்குச் சொல்லவில்லை. அடுத்த ட்யூப்லைட்டில் இருக்கும் பல்லிக்குச் சொல்கிறது.

சரி, தொடைக்கு வருவோம்.

அந்த மஞ்சள் புள்ளிகளுக்குத் தொடைத் துளைகள் என்று பெயர். வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருப்பவற்றைக் குதமுன் துளைகள் என்கிறார்கள். ஒவ்வொரு துளையும் தோலுக்கு உள்ளே இருக்கும் ஒரு சுரப்பியின் வாய். விலங்கியலில் இவை நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ரொம்ப நன்றாகவே தெரிந்த விஷயம். எதற்காகத் தெரிந்திருந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

நம் மதராஸ் மாகாணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை மருத்துவராக மதராஸுக்கு வந்தவர். பறவை பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரியும். 1862-64இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலை இன்றைக்கும் குறிப்பிடுகிறார்கள். பறவையோடு அவர் நிற்கவில்லை. எறும்பு, மீன், பாம்பு, பல்லி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். 1853-இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் தீபகற்ப இந்தியாவின் ஊர்வனவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் பெங்களூர்ப் பக்கம் கிடைத்த ஒரு சின்னப் பல்லிக்கு மைசூரின் பெயரை வைத்தார். விரல் நீளம்தான் இருக்கும், பகலில் நடமாடும் பல்லி. அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

ஜெர்டனுக்குப் பின்னால் மதராஸ் வனத்துறையின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், மலை மலையாக ஏறிப் பல்லியும் பாம்பும் சேகரித்தார். லண்டனில் ஆல்பர்ட் குந்தர் 1864-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிப் பெரிய நூல் கொண்டுவந்தார். 1890-இல் ஜார்ஜ் புலஞ்சர், 1935-இல் மால்கம் ஸ்மித். சயாம் அரசவையில் மருத்துவராக இருந்த இந்த ஸ்மித் எழுதிய பல்லித் தொகுதி, இன்றைக்கும் இந்தியப் பல்லிகளைப் பற்றி எழுதும் யாரும் தாண்டிப்போக முடியாத புத்தகம்.

இந்த நூல்களைப் புரட்டினால் தொடைத் துளைகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். எண்ணிக்கையாக வரும். ஆணுக்கு இத்தனை துளை, தொடர்ச்சியாக இருக்கிறதா, நடுவில் இடைவெளி உண்டா, தொடையில் மட்டுமா, குதத்துக்கு முன்னாலும் உண்டா. ஏனென்றால் பல்லிகளை இனம் பிரிப்பது லேசான காரியம் இல்லை. நிறம் நேரத்துக்கு நேரம் மாறும், சாராயத்தில் போட்டால் வெளுத்துப்போகும், வால் அறுந்து புதிதாக முளைத்திருக்கும். துளை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை. ஃப்ரெனேட்டஸ் பல்லிக்கு இரண்டு தொடையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியாகச் சுமார் 30 துளை. வடஇந்திய வீடுகளில் இருக்கும் மஞ்சள் வயிற்றுப் பல்லிக்குத் தொடைக்கு ஐந்திலிருந்து ஏழு, நடுவில் பெரிய இடைவெளி. அடிப்பக்கம் தெரிந்தால் போதும், டெல்லிப் பல்லியையும் நம்மூர்ப் பல்லியையும் பிரித்துவிடலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பழைய டேட்டாபேஸ் ஒன்றில் ஒரு ஃபீல்டு இருக்கும். எல்லா ரிப்போர்ட்டும் அதை வைத்துத்தான் ஓடும். யாரையாவது கூப்பிட்டு இந்த ஃபீல்டு என்ன அர்த்தம் என்று கேட்டால், "அது அப்படித்தான் சார், அதை வெச்சுத்தான் பிரிப்போம்" என்பார்கள். தொடைத் துளை அப்படிப்பட்ட ஃபீல்டாகத்தான் நெடுங்காலம் இருந்தது.

இந்த எண்ணிக்கையைக் கேவலமாகச் சொல்லவில்லை. அதன் பலன் பெரியது. இந்தியா முழுக்கப் பரவியிருந்த புள்ளிப் பல்லிகளை நெடுநாள் ப்ரூக்கி என்ற ஒரே பெயரில் போட்டுவைத்திருந்தார்கள். அந்தப் பெயர் 1845-இல் போர்னியோப் பல்லிக்காக ஜான் எட்வர்ட் கிரே வைத்தது. போர்னியோவில் இருப்பதும் காஞ்சிபுரத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று 2011-இல் ஸ்டீபன் மகோனி பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். 2016-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து அபர்ணா லாஜ்மி, வரத் கிரி, பிரவீண் காரந்த் ஆகியோர் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்து அந்தச் சிக்கலைப் பிரித்தார்கள். 1953-இல் இலங்கையில் பால் தெரணியகல வைத்த பார்விமாகுலேட்டஸ் என்ற பெயர் இப்போது தென்னிந்தியப் புள்ளிப் பல்லிக்கும் வழங்குகிறது. மரபணு வந்த காலத்திலும் துளை எண்ணுவது நிற்கவில்லை. வேலூர்க் கோட்டையில் கிடைத்த ஒரு சின்னப் பகல் பல்லிக்கும், ஏற்காட்டில் கிடைத்த இன்னொன்றுக்கும் 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பவரும் புதுப் பெயர் வைத்தார்கள். வேலூர்க் கோட்டை என்றால் யோசித்துப் பாருங்கள், அகழி, கோயில், ஆயிரம் சுற்றுலாப் பயணிகள். அங்கேயே 2000 வரைக்கும் பெயரில்லாத ஒரு பல்லி இருந்திருக்கிறது.

சரி, துளை எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1902-இல் ஜெர்மனியில் ஷேஃபர் என்பவர் இந்தச் சுரப்பிகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து எழுதினார். ஆனால் பயன் என்று வரும்போது நெடுநாள் சொல்லப்பட்டது, இணை சேரும்போது ஆண் பெண்ணைப் பிடித்துக்கொள்ள இந்தச் சொரசொரப்பு உதவுகிறது என்பதுதான். ஆணுக்குத்தான் பெரிதாக இருக்கிறது, தொடையில் இருக்கிறது, அப்படியானால் பிடிப்புக்குத்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானே முதல் வாரத்தில் இதைத்தான் நம்பி, அத்தையிடமும் ஏதோ பெரிய ஞானி மாதிரிச் சொல்லிவிட்டேன். அப்புறம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1966-இல் சார்லஸ் கோல் அதுவரை எழுதப்பட்டதையெல்லாம் திரட்டி ஒரு மதிப்புரை எழுதினார். அதற்குப் பிறகுதான் வேதியியலும் நடத்தை ஆய்வும் மெதுவாக உள்ளே வந்தன.

துளையிலிருந்து வெளியே வருவது திரவம் இல்லை. சுரப்பியின் செல்களே நிரம்பி, செத்து, ஒன்றோடொன்று அழுந்தி மெழுகுத் திரி மாதிரி வெளியே தள்ளப்படுகின்றன. புரதமும் கொழுப்பும் சேர்ந்த கலவை. பல்லி நடக்கும்போது தொடை தரையில் உரசும், கொஞ்சம் கொஞ்சமாக மெழுகு ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு வேலையாகச் செய்ய வேண்டியதில்லை. நடந்தாலே எழுதியாயிற்று. ஆண் ஹார்மோன் கூடினால் சுரப்பி பெருக்கும், குறைந்தால் சுருங்கும். இனப்பெருக்கக் காலத்தில் வரிசை பளிச்சென்று தெரியும். வீட்டுப் பல்லிகளில் பெண்ணுக்கு இந்தத் துளைகள் வளர்வதில்லை.

எழுதியதைப் படிப்பது நாக்கு. நாக்கை நீட்டித் தரையை ஒத்தி எடுத்து, வாயின் மேலண்ணத்தில் திறக்கும் ஒரு உறுப்பில் சேர்க்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் யாக்கப்சன் 1813-இல் விவரித்ததால் அதற்கு யாக்கப்சன் உறுப்பு என்று பெயர். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதும் இதற்குத்தான். அன்றைக்கு ராத்திரி ஜன்னலில் என் பல்லியும் இரண்டு மூன்று தடவை கண்ணாடியை நக்கியது. தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

1980-களின் கடைசியில் ஆலிசன் ஆல்பர்ட்ஸ் என்பவர் அமெரிக்கப் பாலைவன இக்வானாவை எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு சிக்கல் உண்டு. பாலைவன வெயிலில் லேசான வாசனைகள் நொடியில் ஆவியாகிவிடும். இக்வானாவின் தொடைச் சுரப்போ எளிதில் ஆவியாகாத வகை. ரொம்ப நாள் நிற்கும், ஆனால் தூரத்திலிருந்து மணக்காது. மணக்காத ஒன்றை இன்னொரு இக்வானா எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்? அந்தச் சுரப்பு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்றும், இக்வானாவின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும் என்றும் 1989-இல் எழுதினார். முதலில் கண்ணால் கறையைப் பார்க்கலாம், பிறகு பக்கத்தில் போய் நாக்கால் படிக்கலாம். படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். வாசனையைப் பார்வையால் தேடுவது என்ற யோசனையே எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்து மாட்ரிட். அங்கே தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் ஹோசே மார்ட்டினும் பிலார் லோபெஸும் ஸ்பெயின் நாட்டு மலைப்பல்லிகளை வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். துளையைச் சுற்றி மெதுவாக அழுத்தி, வெளியே வரும் துளி மெழுகைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டு பல்லியைத் திரும்ப விட்டுவிடுவார்கள். அந்தக் கலவையில் வைட்டமின் டி-க்கு முந்தைய நிலையில் இருக்கும் ஒரு ஸ்டெரால் இருந்தது. வெயில் பட்டால் நம் தோலில் வைட்டமின் டி-ஆக மாறும் அதே சரக்கு. 2006-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் ஆண்களுக்கு உணவோடு கூடுதலாக வைட்டமின் டி கொடுத்தார்கள். சுரப்பில் அந்த ஸ்டெரால் கூடியது. பெண் பல்லிகளுக்கு அந்த ஆண்களின் வாசனை பட்ட இடம் கூடுதலாகப் பிடித்தது. உடம்புக்கே வேண்டிய ஒரு பொருளை எடுத்து வழியெல்லாம் பூசிக்கொண்டு போக வசதி உள்ளவனால்தான் முடியும். கல்யாணத்தில் யார் எவ்வளவு நகை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது மாதிரி என்று அத்தைக்கு விளக்கினேன். இது அவருக்கு உடனே பிடிபட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா ஊர்வனவுக்கும் இது பொருந்தாது. வேலியில் தலையாட்டும் நம் ஓணானுக்குத் தொடைத் துளை கிடையாது. அதன் மொழி நிறமும் தலையசைப்பும்தான். தொண்டையில் விசிறி விரிக்கும் விசிறித் தொண்டை ஓணானுக்கும் கிடையாது. 1829-இல் கூவியே புதுச்சேரியின் பெயரால் பெயர் வைத்தது அதற்குத்தான். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ராஜஸ்தான், குஜராத் பக்கம் இருக்கும் முள்வால் ஓணானுக்கு, எண்ணெய்க்காகப் பிடித்துக் கொல்கிறார்களே அதற்கு, துளை உண்டு. அரணைகளில் வேறு ஏற்பாடு. வில்லியம் கூப்பரும் கூட்டாளிகளும் 1986-இல் அமெரிக்க அரணை ஒன்றில், பெண்ணின் கழிவாய்க்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் வாசனைதான் ஆணை இழுக்கிறது என்று காட்டினார்கள். கடித்தால் மரணம் என்று பேர் வாங்கிக்கொண்டு, ஞாபகமறதிக்கும் பழிச்சொல் வாங்கிக்கொண்டு, விஷமே இல்லாமல் திரியும் நம் அரணைக்கு இப்படி ஒரு நுட்பமான உறவுக்காரர்கள்.

இந்தியாவில் யாராவது பார்த்தார்களா என்று தேடியபோது 1986-இல் வந்த ஒரு சின்னக் கட்டுரை கிடைத்தது. நாலு பக்கம்தான். பரோடாவிலிருந்து வந்துகொண்டிருந்த விலங்கு உருவியல், உடலியல் இதழில் என்.பி. சௌஹான் எழுதியது. நான் மேலே சொன்ன மஞ்சள் வயிற்று வீட்டுப் பல்லி, முள்வால் ஓணான், இந்த இரண்டின் சுரப்பிலும் என்னென்ன கொழுப்புகள் இருக்கின்றன என்ற முதல்கட்ட அறிக்கை. ஆல்பர்ட்ஸின் புற ஊதாக் கட்டுரைக்கு மூன்று வருஷம் முந்தியது. பின்னால் உலகம் முழுக்க இந்தத் துறையில் மதிப்புரை எழுதியவர்கள் பட்டியலில் இந்த நாலு பக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக எண்ணிக்கையாகவே இருந்த ஒன்றை, நம் நாட்டில் ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த அந்த நாலு பக்கம் எனக்குப் பெரிய நூல்களைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

இப்போது ஜெர்டனின் பல்லி. 1853-இல் அவர் பெயர் வைத்த அந்தச் சின்னப் பல்லி, பல பேரினங்களுக்குள் வீடு மாறியது. புலஞ்சர் 1890-இல் அதை கோனாடோடெஸ் என்ற பேரினத்தில் வைத்தார். அது அமெரிக்கக் கண்டத்துப் பல்லிகளின் பெயர். ஸ்மித் 1935-இல் நீமாஸ்பிஸ் பேரினத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நீமாஸ்பிஸ் மைசூரியென்சிஸ். ஆணுக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு உண்டு, கீழே சுரப்பித் துளைகளும் உண்டு. இரண்டு மொழியும் பேசுகிற பல்லி.

2019-இல் கபீர், ராதிகா வெங்கடேசன், மரியா தாக்கர் மூவரும் இதை எடுத்துக்கொண்டார்கள். நிறத்தைத் தனியாக, வாசனையைத் தனியாக, இரண்டையும் சேர்த்து என்று காட்டி, பார்க்கும் பல்லி என்ன செய்கிறது என்று குறித்தார்கள். பெறுபவர் எல்லோரும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டவில்லை. ஒரே செய்தியை ஆண் ஒருவிதமாகவும் பெண் ஒருவிதமாகவும் எடுத்துக்கொண்டன. 2020-இல் அதே மூவரும் இந்தப் பேரினத்தின் பல இனங்களை ஒப்பிட்டார்கள். இவற்றின் மூதாதைகள் ராத்திரிப் பல்லிகள். வாசனை மொழி அந்தக் காலத்திலேயே இருந்தது. பகலுக்கு மாறிய பிறகுதான் நிறம் வந்து சேர்ந்தது. அப்படியென்றால் அத்தனை நூல்களிலும் துளை எண்ணிக்கையாக அச்சானது, அந்தப் பல்லிகள் வெயிலுக்கு வருவதற்கு முன்பிருந்தே பேசிவந்த பழைய பாஷை.

ஜெர்டன் பெயர் வைத்ததற்கும் அந்தப் பல்லியிடம் வாசனையைப் பற்றிக் கேட்டதற்கும் நடுவில் 166 வருஷம். இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் முறையிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். அருங்காட்சியகப் பல்லிகள் சாராயத்தில் இருக்கின்றன. கொழுப்பும் ஸ்டெராலும் சாராயத்தில் கரையும். புட்டியில் போட்ட அன்றைக்கே எழுத்தின் மை கரையத் தொடங்கிவிடும், பேனாவின் ஓட்டை மட்டும் மிஞ்சும். ஸ்மித் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருந்தாலும் அவர் முன்னால் இருந்தது ஓட்டைதான். உயிரோடு இருக்கும் பல்லியைப் பிடித்து, அதன் இடத்திலேயே விட்டுப் பார்த்தால்தான் மற்றது தெரியும்.

அதனால்தான் இடம் முக்கியம். இந்தச் சின்னப் பகல் பல்லிகளில் பல, ஒரு குன்று, ஒரு பாறைத் தொடர் என்று குறுகிய இடத்துக்குள் வாழ்பவை. எங்கள் தாலுகாவில் கல் குவாரி லாரிகள் ஓடாத சாலை குறைவு. ஜல்லியாகப் போகும் பாறையின் மேல் யார் நடந்தார்கள், என்ன பூசிவிட்டுப் போனார்கள் என்று லோடு ஏற்றுகிறவருக்கு யோசிக்க நேரமில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் வீட்டுத் தளமும் அந்த ஜல்லியில் போட்டதுதான்.

உத்திரமேரூர்க்காரன் கல்லில் எழுதியதைப் பற்றிப் பேசாமல் விட்டால் ஊரில் சோறு போட மாட்டார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல் விதிகள். அதைப் படித்து வெங்கய்யா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் எழுதும் வரைக்கும் ஊர்க்காரர்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து கதை பேசியிருப்பார்கள். போன வாரம் அங்கே போனபோது, எழுத்துகளுக்கு நடுவே ஒரு பல்லி போய்க்கொண்டிருந்தது. அதிஷ்டானத்துக் கல்லை ஒரு இடத்தில் நக்கிவிட்டு நின்றது. நானும் நின்றேன். காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஆடி மாசத்துப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி எண்ணினேன். இடது தொடையில் 15, வலது தொடையில் 14, நடுவில் இடைவெளி இல்லை. ஃப்ரெனேட்டஸ். வரிசை நன்றாகப் பருத்து மஞ்சளாக இருந்தது.

"ஆண் பல்லி அத்தை," என்றேன். "அது ஜன்னல்ல பூசிட்டுப் போனதை இன்னொண்ணு வந்து படிக்கும்."

அத்தை ஜன்னலைப் பார்த்தார். "நேத்துதானேடா சோப்பு போட்டுத் துடைச்சேன்," என்றார்.